கரை சேர்ந்த மரம்: தூத்துக்குடிக் கடற்கரையில் பழைய மரச்சாமான்களின் வரலாறு

தூத்துக்குடி வட்டாரத்து வீடுகளின் கட்டில், மேசை, பெட்டகம் ஆகியவற்றின் வரலாற்றை எழுத முற்படுவோர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது, அந்தக் கரையில் மரம் அரிது என்பதையே. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் அமைந்த இந்நிலம் செம்மணல் தேரிகளும், உப்பளங்களும், குடைபோல் விரிந்து நிற்கும் உடைமரங்களும், கண்ணுக்கெட்டிய தூரம் வரை பனைகளும் கொண்டது. வேம்பும் பூவரசும் வீட்டோரங்களில் வளரும் என்றாலும், தேக்கு, ஈட்டி முதலிய உயர்ந்த மரங்கள் மேற்கே மலையடிவாரத்திலிருந்து வண்டியேறி வர வேண்டும். இல்லையேல் கடல்வழியே வந்து இறங்க வேண்டும். அவ்வளவு தொலைவிலிருந்து விலை கொடுத்துக் கொணர்ந்த மரத்தை ஒருமுறை பயன்படுத்திவிட்டு அடுப்பில் வைப்பது எந்தக் குடும்பத்துக்கும் கட்டுப்படியாகாது. ஆகவே இக்கரையில் மரம் ஒரு வடிவிலிருந்து இன்னொரு வடிவுக்கும், ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கும் கைமாறிக்கொண்டே இருந்தது. இன்று சற்று இளக்காரமாகப் ‘பழைய சாமான்’ என்று சொல்லப்படுவதே நெடுங்காலம் இங்கே வீட்டை நிரப்பிய பொருளாக இருந்தது என்பதை இக்கரையின் சொற்களும் தொழில்களும் காட்டுகின்றன.

‘அறைகலன்’ என்னும் சொல் அண்மைக்கால ஆக்கம். முன்னோர் வழங்கிய சொல் ‘தட்டுமுட்டுச் சாமான்’ என்பது. பாத்திரம், பெட்டி, மணை, உரல் என வீட்டில் புழங்கும் யாவற்றையும் அது ஒன்றாகவே அடக்கியது. தரையில் அமர்ந்து உண்டு, பாயில் படுத்த வாழ்க்கைக்கு மரச்சாமான் மிகுதியாகத் தேவைப்படவில்லை. தேவைப்பட்ட சிலவற்றுள் தலையாயது கட்டில்; அதிலும் திருச்செந்தூர், சாத்தான்குளம், உடன்குடிப் பகுதிகளில் சிறப்புற்று விளங்கியது பனை நார்க் கட்டில். பனை மட்டையை உரித்து எடுக்கும் அகணி என்ற உள்நாரை நீரில் ஊறவைத்து, நான்கு சட்டங்களுக்கும் இடையே குறுக்கும் நெடுக்குமாக இழுத்துப் பின்னுவார்கள். நார் நாளடைவில் தொய்யும். தொய்ந்தால் மீண்டும் இழுத்துக் கட்டுவார்கள். அதுவும் இற்றுப்போனால் நாரை முழுவதும் அறுத்தெறிந்துவிட்டு அதே சட்டத்தில் புதிதாகப் பின்னுவார்கள். கட்டிலின் காலும் சட்டமும் பாட்டன் காலத்தவையாகவும் நார் சென்ற கோடையில் உரித்ததாகவும் இருக்கும் நிலையில், அந்தக் கட்டிலைப் பழையது என்பதா புதியது என்பதா என்ற கேள்வியே அவ்வூர்களில் எழுந்திராது. அழியும் பகுதியையும் அழியாத பகுதியையும் தொடக்கத்திலேயே பிரித்து வைத்து, அழிவதை எளிதில் மாற்றும்படி செய்த இந்த அமைப்பு, இன்று மறுபயன்பாட்டைப் பற்றி எழுதுவோர் விரித்துரைக்கும் கோட்பாட்டை ஓசையில்லாமல் கடைப்பிடித்து வந்தது. பிற்காலத்தில் பனை நாருக்குப் பதிலாக நைலான் நாடா வந்தபோதும் சட்டம் மாறவில்லை.

மரமற்ற கரை மரத்தை எவ்வாறு நடத்தும் என்பதற்குக் கடலுக்கு அப்பால் மிகப் பழைய சான்று ஒன்று உண்டு. கொற்கையில் முத்து வணிகம் செழித்த நூற்றாண்டுகளில் இந்தியக் கப்பல்கள் சென்றடைந்த செங்கடல் துறைமுகங்களுள் ஒன்று எகிப்தின் பெரெனிகே. ஸ்டீவன் சைட்போதமும் வில்லெக் வெண்ட்ரிக்கும் 1994 முதல் அங்கு நடத்திய அகழாய்வுகளில், ஓர் இந்தியப் பானையில் ஏழரைக் கிலோவுக்கும் மேற்பட்ட கருமிளகும், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடும் கிடைத்தன. அவற்றைப் போல் பரவலாகப் பேசப்படாத இன்னொரு கண்டுபிடிப்பு, அந்தப் பாலைவன ஊரின் கட்டடச் சுவர்களுக்குள் பதிந்திருந்த தேக்கு மரத்துண்டுகள். எகிப்தில் விளையாத தேக்கு, கடல் கடந்து சென்ற கப்பல்களின் உடற்பலகையாகப் போய், கப்பல் பயனற்றுப் போனபின் பிரிக்கப்பட்டு, வீட்டுக்கும் கோயிலுக்கும் உத்தரமாக மாறியிருக்கிறது என்பது ஆய்வாளர் முடிவு. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு வறண்ட கரை செய்த இந்த வேலையை, வறட்சியில் அதற்கு உறவான தூத்துக்குடிக் கரையும் தன் வழியில் செய்து வந்தது.

அந்த வழியில் முதலிடம் தோணிக்கு உரியது. தூத்துக்குடியின் கடல் கரையோரத்தில் ஆழம் குறைந்தது. பெரிய கப்பல்கள் பல மைல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, சரக்கை ஏற்றி இறக்கியவை தோணிகளே. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய் விரித்துச் சென்றவையும் இவையே. தோணியின் அடிமரமாகிய ஏராவும், அதன்மேல் விலா எலும்புகள்போல் நிற்கும் மணிக்கால்களும், அவற்றின்மேல் அறையப்படும் பலகைகளும் வெவ்வேறு மரங்களைக் கேட்பவை: இயல்பாகவே வளைந்த கிளையுடைய கருவேலம் மணிக்காலுக்கு ஏற்றது, பலகைக்குத் தேக்கும் அயினியும் சிறந்தவை. ஒரு தோணி பல பத்தாண்டுகள் ஓடும். அந்தக் காலம் முழுவதும் இற்ற பலகையை எடுத்துவிட்டு நல்ல பலகையைச் செருகும் வேலை நடந்துகொண்டே இருக்கும். ஓட முடியாத தோணியைப் பிரிக்கும்போது கிடைக்கும் வைரம் பாய்ந்த மரத்தை, அதாவது நடுத்தண்டின் கடினமான பகுதியை, கரையில் வீசிவிட யாருக்கும் மனம் வராது. ஆயினும் கடல் மரத்துக்கு ஒரு குறை உண்டு. உப்பேறிய பலகை காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வியர்க்கும். அதில் அறைந்த இரும்பாணி துருப்பிடித்துச் சுற்றியுள்ள மரத்தையும் கறுக்கச் செய்யும். நன்னீரில் பலமுறை கழுவி நெடுநாள் நிழலில் உலர்த்தாமல் அதைத் துணி வைக்கும் பெட்டியாக்க இயலாது. திண்ணைப் பலகைக்கும் வெளிக்கதவுக்கும் அதுவே போதும்.

முத்துக்குளிப்பு, இக்கரையின் வழக்கில் சலாபம், இதே இயல்பை மேலும் தெளிவாகக் காட்டுகிறது. சிப்பிப் பார்கள் எல்லா ஆண்டும் விளைவதில்லை. விளைந்த ஆண்டில் சில வாரங்களுக்கு மட்டும் கடற்கரையில் பந்தற்கால், ஓலை, மூங்கில் ஆகியவற்றால் ஒரு நகரமே எழும்பும். சிப்பி முடிந்ததும் அந்த நகரம் பிரிக்கப்பட்டுக் கால்களும் ஓலைகளும் அடுத்த பயனுக்குச் செல்லும். சிப்பியை அழுக வைத்துக் கழுவி முத்தெடுக்கும் தொட்டியாக, ஒரே மரத்தில் குடைந்த வள்ளங்கள் மன்னார் வளைகுடா முழுவதும் பயன்பட்டன. கடலில் சென்ற கலமே கரையில் தொட்டியானது. சலாபத்தில் அரசின் பங்காக வந்த சிப்பி ஆயிரம், ஆயிரமாகக் கூறு போட்டு ஏலத்தில் விற்கப்பட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பொருளுக்கு விலை கூறும் அந்த மாலை நேர ஏலங்களில்தான், வேறெந்தச் சந்தையிலும் காண முடியாத அளவுக்கு இக்கரை மக்கள் ஏலம் என்ற முறையோடு பழகினார்கள் என்று கொள்ளலாம். தூத்துக்குடியின் பெருஞ்சலாபங்கள் 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயின.

ஏலம் என்ற சொல்லே கடல் வழி வந்தது. போர்த்துகீசிய மொழியின் ‘லெயிலாவ்ங்’ என்பதிலிருந்து அது தமிழுக்கு வந்ததாக மொழியறிஞர் கூறுவர். போர்த்துகீசியர் அதை அரபு மொழியிலிருந்து பெற்றிருந்தனர். முத்துக்குளித்துறைப் பரதவர் 1530-களின் நடுப்பகுதியில் போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடிக் கிறித்தவராயினர்; 1542-இல் பிரான்சிஸ் சேவியர் வந்தார்; அடுத்த நூறாண்டுக்கும் மேலாக இக்கரையின் வணிகமும் சமயமும் அவர்களோடு பின்னிக்கிடந்தன. தமிழ்நாட்டு வீடுகளில் இன்று நாளும் வழங்கும் மேசை, அலமாரி, சாவி, ஜன்னல் ஆகிய சொற்கள் அனைத்தும் போர்த்துகீசியம் தந்தவை. இலங்கைத் தமிழில் நாற்காலியைக் குறிக்கும் கதிரையும் அம்மொழிச் சொல்லே. கட்டில் என்ற சொல் மட்டும் எதிர்த்திசையில் பயணம் செய்து, போர்த்துகீசியரின் இந்திய வழக்கில் இடம்பெற்றது. சங்க இலக்கியத்தில் முரசுகட்டிலாகவே அறிமுகமான பொருளுக்கு வெளியிலிருந்து பெயர் தேவைப்படவில்லை என்பதும், தரையில் அமர்ந்த சமூகத்துக்கு மேசையும் சுவரோரம் நிற்கும் அலமாரியும் பெயரோடு சேர்ந்தே வந்தன என்பதும் இதனால் விளங்கும். மேசையின் பெயரும் ஏலத்தின் பெயரும் ஒரே கூட்டத்தாரிடமிருந்து வந்திருப்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

1658-இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். மதுரைக் கடற்கரை என்று அவர்கள் அழைத்த இப்பகுதியின் நிர்வாகம் கொழும்பிலிருந்த அவர்களது இலங்கை ஆளுநருக்குக் கட்டுப்பட்டது. ஆகவே தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆட்களும் சரக்குகளும் மட்டுமல்லாமல் வீட்டுப் பொருள்களும் போய்வந்தன என்று கருத இடமுண்டு. கருங்காலி, முதிரை, பலா, புளி ஆகிய மரங்களில் டச்சு வடிவங்களை இலங்கைத் தச்சர் வடித்த பெட்டகங்களும் அரைவட்ட முதுகுடைய நாற்காலிகளும் இன்றும் கொழும்புப் பேட்டையிலுள்ள டச்சுக்கால அருங்காட்சியகத்தில் உள்ளன. டச்சுக் கம்பெனி தன் ஊழியர் கப்பலில் கொண்டுசெல்லும் பெட்டியின் அளவை அவரவர் பதவிக்கு ஏற்ப வரையறுத்திருந்தது. ஊர் திரும்பும் ஊழியரால் கட்டிலையும் அலமாரியையும் ஏற்றிச் செல்ல முடியாது. பணியிலிருக்கும்போதே இறந்தவரின் உடைமைகளோ, ஒன்றுவிடாமல் பட்டியலிடப்பட்டு, ஏலத்தில் விற்கப்பட்டு, பணமாக வாரிசுகளைச் சேரும். ஒரே அலமாரி நான்கைந்து அதிகாரிகளின் வீட்டில் அடுத்தடுத்து நிற்பதற்கு இந்த முறையே காரணம். இந்த ஏலத்துக்கு டச்சுக்காரர் வழங்கிய ‘வெண்டூசி’ என்ற சொல் சிங்களத்தில் வெந்தேசியவாக நிலைத்துவிட்டது. இழுப்பறையைக் குறிக்கும் டச்சுச் சொல் இலங்கைத் தமிழில் லாச்சியாக வாழ்கிறது. தமிழ்நாட்டுக் கரையில் போர்த்துகீசியரின் ஏலம் அதற்கு முன்பே வேரூன்றிவிட்டதால் டச்சுச் சொல்லுக்கு இடமில்லாது போயிருக்கலாம். தூத்துக்குடியில் டச்சுக்காரர் 1750-இல் கட்டிய தேவாலயம் இன்றும் வழிபாட்டில் உள்ளது. ஊர் 1825-இல் இறுதியாக ஆங்கிலேயர் கைக்கு மாறியது.

இவ்வாறு கைமாறிய சோழமண்டலக் கரைச் சாமான்களுள் சில எவ்வளவு தொலைவு சென்றன என்பதற்கு இங்கிலாந்தில் நிகழ்ந்த ஒன்று நல்ல எடுத்துக்காட்டு. ஹொரேஸ் வால்போல் என்னும் எழுத்தாளர் ஸ்டிராபெரி ஹில் எனும் தம் மாளிகைக்காக 1763-இல் ஓர் ஏலத்தில் செதுக்கு வேலைப்பாடு மிகுந்த கருங்காலி நாற்காலிகளை வாங்கினார். இரண்டு நூற்றாண்டுகளுக்கு முந்திய டியூடர் அரசர் காலத்து ஆங்கில வேலைப்பாடு என்று அவற்றை அவர் உறுதியாக நம்பினார். அவரைப் பின்பற்றி இங்கிலாந்துச் செல்வர் பலரும் அவ்வகை நாற்காலிகளைத் தேடித் தேடி வாங்கினர். உண்மையில் அவை பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சோழமண்டலக் கரைத் தச்சர், ஐரோப்பிய வணிகருக்காகச் செய்து கொடுத்தவை. ஆமின் ஜாஃபர் முதலான ஆய்வாளர்கள் இதைத் தெளிவாக நிறுவியுள்ளனர். பெயர் தெரியாத தமிழ்த் தச்சர் செய்த பொருள் பழைய சாமானாக விற்பனைக்கு வந்தபோது இன்னொரு நாட்டின் பழம்பெருமையாகவே கொண்டாடப்பட்டது என்னும் செய்தி, அத்தச்சருக்குச் சேர வேண்டிய பெயர் இன்னும் சேரவில்லையே என்ற வருத்தத்தையும் உண்டாக்குகிறது.

ஆங்கிலேயர் காலத்தில் இவ்வழக்கம் விரிந்தது. மாற்றலாகிப் போகும் அதிகாரியின் வீட்டு ஏலம் மாவட்டத் தலைநகர்கள் எங்கும் வாடிக்கையாயிற்று. ஆயினும் தூத்துக்குடியின் எளிய குடும்பங்களைப் பொறுத்தவரை, அதிகாரியின் அலமாரியைவிடச் சரக்கு வந்த பெட்டியே முக்கியமானது. 1876-இல் இருப்புப்பாதை வந்தது. 1888-இல் ஹார்வி சகோதரர்களின் பஞ்சாலை வந்தது. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கும் வரை கொழும்பு செல்வோர் பலரும் இங்கேயே நீராவிக் கப்பலேறினர். பஞ்சுப் பொதியும் அரிசி மூட்டையும் தவிர, இயந்திரம், கண்ணாடி, மண்ணெண்ணெய், மதுபானம், தேயிலை ஆகியவை யாவும் மரப்பெட்டியில் வந்திறங்கி, கிட்டங்கி என இவ்வூரார் சொல்லும் சரக்கறைகளில் அடுக்கப்பட்டன. உள்ளிருந்த சரக்கு ஒருபுறம் போக, பெட்டி இன்னொரு வாழ்வைத் தொடங்கியது. லேசான மரத்தாலான இந்தச் சரக்குப் பெட்டியைத் தமிழர் கள்ளிப்பெட்டி என்றனர். கடையில் அது கல்லா மேசையாயிற்று. வீட்டில் கவிழ்த்து வைத்தால் இருக்கையும், நிமிர்த்தி வைத்தால் அரிசிப் பெட்டியும், இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் அலமாரியும் ஆயிற்று. ஆசாரி கைபட்டபோது மாணவர் எழுதும் சாய்வுப் பலகையாகவும் மாறியது. ஒட்டுப்பலகையில் தகர விளிம்பும் ஈயத்தாள் உறையும் கொண்ட தேயிலைப் பெட்டி, ஈரமும் பூச்சியும் அண்டாததால் துணிமணிக்கும் புத்தகத்துக்கும் ஏற்றதாகக் கருதப்பட்டது. காகிதச் சாக்கும் அட்டைப்பெட்டியும் வந்தபின் இந்த ஊற்று வற்றியது. கள்ளிப்பெட்டிக்கு அருங்காட்சியகத்தில் இடம் கிடைக்கவில்லை. எண்ணற்ற வீடுகளின் முதல் மேசையாக இருந்த பொருளுக்கு அது நேர்ந்திருக்கக் கூடாத குறை.

பழைய பொருளின் வணிகத்துக்கே பெயர் கொடுத்த ஊரும் இக்கரையில்தான் உள்ளது. தமிழகம் முழுவதும் பழைய இரும்பும் உடைந்த சாமானும் வாங்கி விற்கும் கடைக்குக் காயலான் கடை என்றே பெயர். தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரத்தில் அமைந்த காயல்பட்டினத்திலிருந்து சென்னைக்குச் சென்று இத்தொழிலில் ஈடுபட்ட முஸ்லிம் வணிகரைக் குறித்த காயலான் என்ற பெயரே கடைக்கும் ஆயிற்று என்பது பரவலாகக் கூறப்படும் விளக்கம். காயல் என்ற பெயருக்கு வேறொரு உயரமும் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ பாண்டிய நாட்டின் பெருந்துறைமுகமாக வருணித்த காயல், தாமிரபரணியின் கழிமுகத்தருகே உள்ள பழைய காயலே என்று கால்டுவெல் தமது 1881-ஆம் ஆண்டுத் திருநெல்வேலி வரலாற்றில் நிறுவ முயன்றார். அரபுக் குதிரைகள் வந்திறங்கிய ஒரு துறையின் பெயர் பின்னாளில் துருப்பிடித்த பூட்டும் காலொடிந்த நாற்காலியும் குவிந்த கடைக்குப் பெயராவதை வீழ்ச்சியாகக் கருதுவோர் உண்டு. ஆனால் இரண்டும் ஒரே திறமையைக் கேட்பவை: அயலார் கைவிட்டதன் உண்மை மதிப்பைக் கண்டு, அதை வேண்டுவோர் எங்கிருக்கிறார் என்று அறிந்து, இடையில் உள்ள தொலைவைக் கடப்பது. சென்னையில் 1900-இல் திறக்கப்பட்டு 1985-இல் தீக்கிரையான மூர் மார்க்கெட், பழைய நூல்களுக்குப் புகழ் பெற்றதைப் போலவே பழைய வீட்டுச் சாமான்களுக்கும் பெயர் பெற்றிருந்தது. அத்தகைய சந்தைகளுக்கும் தெருமுனைக் காயலான் கடைகளுக்கும் இடையேதான் நகரத்து நடுத்தரக் குடும்பங்கள் தங்கள் வீட்டைக் கட்டியெழுப்பின.

இவ்வளவு பழக்கப்பட்ட பொருளின்மேல் தயக்கமும் கூடவே இருந்தது. ஒருவர் உயிர்விட்ட கட்டிலை வீட்டில் வைத்துக்கொள்ளப் பலர் அஞ்சுவர். பிரித்த வீட்டின் மரத்தைப் புதுவீட்டில் சேர்க்கலாகாது என்ற நம்பிக்கை மனையடி சாத்திரம் பார்ப்போரிடையே வலுவாக உள்ளது. நடைமுறையில் இதற்கு ஒரு சமரசம் காணப்பட்டது. பூசை செய்து நாட்டப்படும் தலைவாசல் நிலையைப் புதுமரத்தில் செய்து, கூரையின் கைமரத்தையும் உட்கதவுப் பலகைகளையும் பழையனவற்றிலிருந்து எடுத்துக்கொள்வர். திருமணச் சீர்வரிசையோ சமரசத்துக்கு இடந்தரவில்லை. பெண்வீட்டார் கொடுக்கும் கட்டிலும் பீரோவும் புத்தம்புதியனவாக, ஊரார் பார்க்க வண்டியில் வர வேண்டும் என்ற கட்டாயமே, பழைய சாமானை ஏழ்மையின் அடையாளமாக மாற்றியதில் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரும்பங்கு வகித்தது. கோத்ரெஜ் நிறுவனம் 1923-இல் செய்யத் தொடங்கிய இரும்பு பீரோ, சுதந்திரத்துக்குப் பிந்திய பத்தாண்டுகளில் சீர்வரிசையின் தவிர்க்க முடியாத உறுப்பாக மாறியபோது, பெட்டகங்களும் மர அலமாரிகளும் மாடிக்கும் தொழுவத்துக்கும் தள்ளப்பட்டன. உப்புக்காற்று வீசும் தூத்துக்குடியில் இரும்பு பீரோவின் அடித்தகடு துருவேறுவதும், தொழுவத்துத் தேக்கு அப்படியே இருப்பதும் பின்னரே மக்கள் கண்ணில் பட்டன.

கைவிடப்பட்டவை விலைபெற்ற கதையை அறிய இக்கரையிலிருந்து வடக்கே செட்டிநாடு வரை செல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து இரண்டாம் உலகப்போர் வரை நகரத்தார் கட்டிய மாளிகைகளில் பர்மாத் தேக்கு கணக்கின்றிச் செலவழிந்தது. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதோடு அந்தச் செல்வத்தின் ஊற்றுக்கண் அடைபட்டது. தலைமுறை தலைமுறையாகப் பங்காளிகள் பெருகி, ஒரு வீட்டுக்குப் பல உரிமையாளர் என்ற நிலை வந்தபோது, பழுது பார்ப்பதைவிடப் பிரித்து விற்றுப் பங்கிடுவது எளிதாயிற்று. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகள் இவ்வாறு பிரிந்த வீடுகளால் நிறைந்தவை. தூண், நிலை, கதவு, பெட்டகம், கணக்குப்பிள்ளை மடியருகே வைத்து எழுதிய மேசைப்பெட்டி, பர்மாவிலிருந்து வந்த அரக்குப் பாத்திரம் என அங்கே இல்லாதது இல்லை. கொழும்பில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா, முப்பத்துமூன்றாம் ஒழுங்கையில் அமைத்த தம் இல்லத்தில் செட்டிநாட்டுத் தூண்களை நிறுத்தி, பழைய மரத்துக்கு உயர்கலையில் இடம் தேடித் தந்தார். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா, இடிபடவிருந்த செட்டிநாட்டு வீட்டைப் பெயர்த்துக் கொணர்ந்து மீண்டும் எழுப்பியது. இவை மீட்பு என்றால், முனீஸ்வரன் கோயில் தெருவில் துண்டு துண்டாக விற்பனையாவதை என்னவென்று சொல்வது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஒரு கதவு எங்கோ ஒரு வீட்டில் பிழைத்திருக்கிறது என்பதற்காக, முழு வீடு அழிந்ததை மறந்துவிட முடியாது. ஆனால் அந்தத் தெரு இல்லாதிருந்தால் கதவும் விறகாகியிருக்கும்.

விலை ஏறியதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1996 டிசம்பர் 12-ஆம் நாள் கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை நாடு முழுவதும் காட்டுமரம் வெட்டுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. 2014 ஏப்ரல் முதல் மியான்மர் தன் தேக்கை உருட்டு மரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்தியது. மெதுவாக வளர்ந்து நெருங்கிய வளையங்களோடு முதிர்ந்த பழைய பர்மாத் தேக்கு, தோட்டத்தில் இருபது முப்பது ஆண்டுகளில் வெட்டப்படும் தேக்கைவிட மேலானது என்பதைத் தச்சர் எப்போதும் அறிவர். இப்போது வாங்குவோரும் அறிந்துகொண்டனர்.

தூத்துக்குடித் துறைமுகம் 1974-இல் பெருந்துறைமுகமாகி, 2011-இல் வ.உ.சிதம்பரனார் பெயரைப் பெற்றது. கள்ளிப்பெட்டியின் இடத்தை இன்று பேலட் பிடித்திருக்கிறது; சரக்கை அடுக்கித் தூக்குவதற்காகப் பலகைகளை இடைவெளிவிட்டு அறைந்த மரத்தட்டு அது. தேய்ந்தும் உடைந்தும் கழியும் பேலட்டைக் கட்டிலாகவும் சோபாவாகவும் மாற்றும் பழக்கம் உலகெங்கும் பரவியுள்ளது. வாங்குவோர் பார்க்க வேண்டியது பலகையின் ஓரத்தில் சூடுபோட்ட முத்திரை: பூச்சி பரவுவதைத் தடுக்கும் பன்னாட்டு விதிப்படி, கோதுமைக் கதிர்ச் சின்னத்தோடு ‘எச்.டி.’ எனக் குறித்திருந்தால் மரத்தின் நடுப்பகுதி 56 பாகை செல்சியசில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டது என்று பொருள், ‘எம்.பி.’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப்புகை இடப்பட்டது என்று பொருள், அதை வீட்டுக்குள் கொண்டுவராமலிருப்பதே நல்லது. ஏலமும் துறைமுகத்தை விட்டுப் போகவில்லை. இறங்கி 30 நாட்களுக்குள் உரியவர் எடுக்காத சரக்கை அறிவிப்புக்குப் பின் விற்க 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் இடமளிக்கிறது.

பழைய மரத்தைத் தேர்ந்தெடுப்பது ஒரு தனிக்கல்வி. தச்சர் முதலில் விரல் முட்டியால் தட்டி ஓசை கேட்பார்; உள்ளே உளுத்த மரம் மந்தமாக ஒலிக்கும். அடிப்பக்கத்தில் மாவுபோல் தூள் உதிர்ந்திருக்கிறதா, வைரத்தோடு ஒட்டிய வெள்ளைப் பகுதியைப் பூச்சி தின்றிருக்கிறதா என்று பார்ப்பார். ஆணியடித்த சாமானைவிட, ஒரு பலகையின் கழுந்து மற்றொன்றின் துளையில் புகுந்து மர முளையால் இறுகிய சாமானையே விரும்புவார். அதை உடைக்காமல் பிரித்து மீண்டும் பூட்டலாம், துருப்பிடிக்கவும் எதுவும் இல்லை. இழைப்புளியின் முதற்சீவலில் மேற்பூச்சின் கறுப்பு விலகி உள்ளிருக்கும் பொன்னிறமும் எண்ணெய் மணமும் வெளிப்பட்டால் அது தேக்கு என்பதில் ஐயமில்லை. புதுமரம் உலர்ந்து சுருங்க ஆண்டுகள் ஆகும். நூறாண்டு ஒரு கூரையின்கீழ் கிடந்த மரம் சுருங்க வேண்டிய அளவுக்குச் சுருங்கி முடித்திருக்கும் என்பதால், அதில் செய்த இழுப்பறை மழைக்காலத்திலும் எளிதில் சிக்கிக்கொள்ளாது.

2023 டிசம்பர் 18-ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணிநேரத்தில் காயல்பட்டினத்தில் 946 மில்லிமீட்டர் மழை பெய்தது. ஓராண்டில் பெய்ய வேண்டியதைவிடக் கூடுதலான நீர் ஒரே நாளில் இறங்கிய அவ்வெள்ளத்தில் தூத்துக்குடி மாவட்டமே மூழ்கியது. மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்யும் துகள்பலகை, இன்றைய மலிவான கட்டில்களுக்கும் அலமாரிகளுக்கும் உடலாக இருப்பது, நீரில் ஊறினால் பருத்து, மேல்தாள் உரிந்து, உலர்ந்தபின் கைபட்டாலே உதிரும். அதைச் சீர்செய்ய எந்தத் தச்சராலும் முடியாது. கழுந்தும் துளையும் கொண்டு பூட்டிய தேக்குப் பெட்டகமோ சேற்றைக் கழுவி, மூட்டுகளைப் பிரித்து, நிழலில் சாய்த்து வைத்துச் சில வாரங்கள் உலரவிட்டால் மறுபடியும் பூட்டுவதற்குத் தயாராகிவிடும். பனை நார்க் கட்டிலுக்குப் புதுநார் போதும்.